கைக்கு எட்டுகிற சிலிண்டர்

காருக்குத் தீயணைப்பான் வாங்கப்போகிறேன், எது நல்லது என்று யாராவது கேட்டால், "வண்டியில் அதை எங்கே மாட்டுவீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பேன். பிராண்டும் விலையும் அதற்குப் பிறகு. டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் கிடக்கும் பெரிய சிலிண்டரைவிட, ஓட்டுகிறவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுக்கக்கூடிய சின்ன சிலிண்டர் மேல். காரில் பிடிக்கும் தீ நமக்குக் கொடுக்கும் அவகாசம் அவ்வளவு குறைவு.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஒரு கோடை மதியத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். எங்களுக்கு முன்னால் போன கார் ஓரங்கட்டி நின்றது. பானட் இடுக்கெல்லாம் புகை. ஓட்டிவந்த பெரியவர் இறங்கிப் பானட்டைத் தூக்கப் போனார். என்னுடன் வந்த சித்தப்பா தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். "ஐயா, தூக்காதீங்க! உள்ள இருக்கிற லீவரை மட்டும் இழுத்துட்டுத் தள்ளி வந்துடுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினார். லீவரை இழுத்ததும் பானட் விரல் நுழையும் அளவுக்கு எழும்பியது. அந்த இடுக்கில் குழல் முனையை வைத்து, எங்கள் காரில் இருந்த ஒரு கிலோ சிலிண்டரை அடித்தார். வெள்ளைப் பொடி எஞ்சின் அறை முழுக்க நிரம்பியது, தீ அடங்கியது, சிலிண்டரும் அத்தோடு தீர்ந்தது. பானட்டை முழுசாகத் தூக்கியிருந்தால் காற்று உள்ளே பாய்ந்து, சுவாலை பெரியவரின் முகத்துக்கு வந்திருக்கும். எல்லாம் ஆறிய பிறகு பார்த்தால், கூடுதல் வாட் ஹெட்லைட்டுக்காக பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் நேராக இழுத்த வயர் உருகிக் கிடந்தது.

ஒரு கிலோ பொடி சிலிண்டர் பீய்ச்சுவது பத்து வினாடிக்குள்தான். அரைக் கிலோ என்றால் இன்னும் குறைவு. குறி பிடிப்பதற்குள் முடிந்துவிடும். அதனால் நான் ஒரு கிலோவுக்குக் கீழே வாங்கச் சொல்வதில்லை. ஏழு பேர் உட்காரும் வண்டி, வாடகைக்கு ஓடும் வண்டி என்றால் இரண்டு கிலோவுக்குப் போகலாம், மாட்ட இடம் இருந்தால். ஒரு கிலோ சிலிண்டரின் விலை ஒரு தடவை டேங்க் நிரப்பும் செலவைவிடக் குறைவு.

உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் அடுத்தது. காரில் எரியக்கூடியவை எல்லா வகையிலும் இருக்கின்றன: சீட்டு, நுரை, பிளாஸ்டிக், கம்பளம் ஆகியவை ஏ வகை, பெட்ரோல், டீசல், எஞ்சின் ஆயில் பி வகை, எல்பிஜி, சிஎன்ஜி போன்ற வாயுக்கள் சி வகை. போதாததற்கு மின்சார வயர்கள். இவை அனைத்துக்கும் பொருந்துவது ஏபிசி பொடி. அதன் முக்கியச் சரக்கு மோனோ அம்மோனியம் பாஸ்பேட். வெப்பத்தில் இது உருகி, எரியும் பொருளின் மேல் படலமாகப் படிந்து, காற்று சேராமல் தடுக்கும். வெறும் பிசி என்று போட்டிருக்கும் சோடியம் பைகார்பனேட் பொடி பெட்ரோல் தீயை அணைக்கும். ஆனால் சீட்டு நுரையின் உள்ளே கனல் இருந்தால் மறுபடியும் பற்றிக்கொள்ளும். சிலிண்டரின் மேல் "மேப் 50", "மேப் 90" என்று எழுதியிருப்பது இந்தப் பாஸ்பேட் எத்தனை சதவீதம் என்பதைக் குறிக்கும். கையில் காசு இருந்தால் 90 வாங்குங்கள்.

கார்பன்-டை-ஆக்சைடு சிலிண்டர் சுத்தமானது, பொடி கொட்டாது என்று கடைக்காரர் சொல்வார். அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைக்க அது நல்லதுதான். காருக்கு வேண்டாம். நல்ல எடை, அழுத்தமானி கிடையாது, திறந்த வெளியில் காற்றடித்தால் வாயு கலைந்துபோகும். இன்னொன்றும் உண்டு. அந்த வாயு 20 டிகிரியிலேயே 57 பார் அழுத்தத்தில் இருக்கிறது. வெப்பம் ஏற ஏற அழுத்தம் வேகமாக ஏறும். வேலூர் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம்.

தடமே விடாத "கிளீன் ஏஜென்ட்" சிலிண்டர்களும் இருக்கின்றன. ஒரு காலத்தில் இந்த வேலையை ஹேலான் செய்தது. அது ஓசோன் படலத்தை அரிப்பதால், 1987-ல் கையெழுத்தான மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியே விலக்கப்பட்டது. இப்போது வரும் மாற்று வாயுக்கள் எஞ்சினைக் கெடுப்பதில்லை, ஆனால் விலை பல மடங்கு. கார் எரியும்போது பொடியின் அழுக்கைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். கைக்கு அடக்கமான ஸ்பிரே டப்பாக்களையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் அழுத்தம் காட்டும் கேஜ் இல்லை, மூன்று வருடம் கழித்து உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவற்றை நம்பி இருக்காதீர்கள்.

கடையில் சிலிண்டரைக் கையில் எடுத்து நிதானமாகப் படியுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் அருகே ஐ.எஸ். 15683 என்ற எண்ணும் இருக்க வேண்டும். தயாரித்த மாதம், வருடம் பாருங்கள். கடை அலமாரியில் பல காலம் தூங்கிய சரக்கு வேண்டாம். கேஜின் முள் பச்சைப் பட்டையில் நிற்க வேண்டும். எந்த வெப்பநிலை வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். 55, 60 என்று இரண்டு விதம் இருந்தால் 60 உள்ளதை எடுங்கள். 21பி போன்ற குறியீடு இருந்தால் அதையும் ஒப்பிடலாம்: 21 லிட்டர் எரிதிரவச் சோதனைத் தொட்டியில் எழுந்த தீயை அந்தச் சிலிண்டர் அணைத்துக் காட்டியது என்று பொருள். எண் கூடினால் திறனும் கூடும். வால்வு பித்தளையா, பிளாஸ்டிக்கா என்றும் பாருங்கள். நான் உலோக வால்வுதான் வாங்குவேன்.

இப்போது மாட்டும் இடத்துக்கு வருகிறேன். நான் தேர்ந்தெடுத்தது ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டின் முன் விளிம்பு, காலுக்குக் கீழே. ஓட்டுநர் காலடியில் வைக்கவே கூடாது. கழன்று உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டால், தீயைவிடப் பெரிய ஆபத்து அதுதான். பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டிலும் வேண்டாம். அங்கே வெயில் நேராக விழும், திடீரென்று பிரேக் அடித்தால் சிலிண்டர் தலைக்கு மேல் பறந்து வரும். ஒரு கிலோ சிலிண்டரின் மொத்த எடை இரண்டு கிலோவை நெருங்கும். வெல்க்ரோ பட்டையை நம்பாமல், உலோக பிராக்கெட்டும் கிளாம்ப்பும் போட்டு, சீட்டு போல்ட்டோடு சேர்த்து இறுக்கச் சொல்லுங்கள். தரையில் துளை போட வேண்டாம். அடியில் எரிபொருள் குழாயோ வயரோ போகலாம். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற உறையோ கனெக்டரோ தெரிந்தால் அது ஏர்பேக் வயர், அதை யாரும் தொடக்கூடாது. மாட்டி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே கையால் கழற்றிப் பாருங்கள். வராவிட்டால் இடத்தை மாற்றுங்கள். சீட் பெல்ட் வெட்டும் கத்தியும் கண்ணாடி உடைக்கும் சுத்தியலும் சேர்ந்த கருவி ஒன்றையும் எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தீயில் வயரிங் போனால் சென்ட்ரல் லாக் திறக்காமல் போகலாம்.

ஓடும் வண்டியின் குலுக்கலில் பொடி அடியில் கெட்டிப்படும். மாதம் ஒருமுறை கழற்றி, தலைகீழாகப் பிடித்து, ரப்பர் சுத்தியலாலோ உள்ளங்கையாலோ அடியில் தட்டுங்கள். அப்போதே கேஜையும் பார்த்துவிடலாம். ஒரு வினாடி அடித்துப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிவைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. வால்வு இடுக்கில் பொடி ஒட்டிக்கொண்டு அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும். துளி பயன்படுத்தினாலும் ரீஃபில்தான். வாடகை வண்டிக்காரர்கள் பலர் எஃப்.சி. காட்டும் நாளுக்காக மட்டும் சிலிண்டர் வைத்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த வண்டிகளில்தான் குடும்பம் குடும்பமாக ஏறுகிறார்கள்.

தீ தெரிந்தால் முதலில் ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள், எல்லோரையும் இறக்கிச் சாலையை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். சிலிண்டர் அதற்குப் பிறகுதான். காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி இரண்டு மீட்டர் தள்ளி நின்று, பின்னை இழுத்து, சுவாலையின் உச்சியில் அல்ல, அடியில் குறிவைத்து இடம் வலமாக வீசுங்கள். ஆட்கள் உள்ளே இருக்கும்போது மூடிய காருக்குள் பொடியை அடிக்காதீர்கள். கண்ணும் தெரியாது, மூச்சும் விட முடியாது. சிலிண்டர் தீர்ந்தும் தீ நின்றபாடில்லை என்றால் விட்டுவிட்டு நகருங்கள். டயர் வெடிக்கும், பானட்டையும் டிக்கியையும் தாங்கும் வாயுத் தண்டுகள் பாய்ந்து வரும், எரியும் பிளாஸ்டிக்கின் புகையே ஆளை மயக்கும். 101 அல்லது 112. தேசிய நெடுஞ்சாலையில் 1033. சிஎன்ஜி வண்டி என்றால், கசியும் வாயுவை நிறுத்த முடியாத நிலையில் அந்தத் தீயை அணைக்க முயல வேண்டாம். அணைந்த பின் தேங்கும் வாயு வெடிக்கக்கூடும். மின்சாரக் காரின் பேட்டரியே பற்றிக்கொண்டால் பொடி எதுவும் செய்யாது. உள்ளே வெப்பம் தானாகவே பெருகிக்கொண்டு போகும், அதைக் குளிர்விக்க ஏராளமான தண்ணீர் வேண்டும். அங்கே நம் வேலை தூரமாகப் போய் நிற்பது மட்டுமே.

தீயணைந்த எஞ்சினில் பொடியை அப்படியே விட்டால் ஈரம் பட்டு உலோகத்தை அரிக்கும். வேக்குவமும் பிரஷும் வைத்துச் சீக்கிரம் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதற்கு முன் காப்பீட்டுக்காகப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக, ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு சேவை வாரம் நடக்கிறது. அந்த நாள்களில் தீயணைப்புப் படையினர் ஊர் ஊராகச் செயல்விளக்கம் காட்டுவார்கள், குழந்தைகளோடு போங்கள். வீட்டில் இன்னொரு வழியும் வைத்திருக்கிறோம். ரீஃபில் செய்யும் காலம் வந்ததும், பொடியை வீணாகக் கடையில் கொட்டவிடாமல் சித்தப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டு வெட்டவெளிக்குப் போகிறோம். கார் ஓட்டத் தெரிந்த ஒவ்வொருவரும் முறைவைத்து அடித்துப் பார்க்கிறோம். பின்னைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் முத்திரையை முறுக்கி அறுக்க வேண்டும், ஹேண்டிலை அழுத்திக்கொண்டே பின்னை இழுத்தால் வராது என்பதை என் மனைவி அப்படித்தான் கண்டுபிடித்தாள். ரீஃபில் முடிந்து மாட்டும்போது, தேதி எழுதிய சீட்டைச் சிலிண்டர் கழுத்தில் கட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.