உச்சிக்கு அரை மணி நேரம் இருந்தபோது



இந்த மாதப் பாடத்தை என் தவறு ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

பகாவ் வட்டாரத் தோட்டங்களைச் சேர்ந்த பதினான்கு இளைஞர்களோடு அங்சி மலைக்குப் போனோம். உயரம் 825 மீட்டர். கோலப்பிலாவிலிருந்து சிரம்பான் போகும் வழியில் உள்ள உலு பெண்டுலில் சனிக்கிழமை கூடாரம் போட்டோம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஏறுவதாகத் திட்டம். பசியாறிவிட்டுப் புறப்படும்போது மணி ஒன்பதரை. பொறுப்பாளர் நான், தாமதத்துக்கும் நானே பொறுப்பு.

இரண்டரை மணி நேரத் தாமதம் சின்ன விஷயம் இல்லை. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் காலையில் வெயில் அடிக்கும். பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். நாங்கள் போனது அக்டோபரில்.

மதியம் தாண்டியதும் இடி முழங்கியது. உச்சிக்கு இன்னும் அரை மணி நேரம்தான்.

"அண்ணே, இவ்ளோ தூரம் வந்துட்டோம். பேனரைப் பிடிச்சு ஒரு படம் எடுத்துட்டு எறங்கிடலாம்ணே" என்றான் ஒரு தம்பி. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்தப் படம் வேண்டியிருந்தது. பத்து நிமிடம் தயங்கினேன்.

அப்போதுதான் என் பாட்டி நினைவுக்கு வந்தார். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் மரப்பட்டையைத் தொட்டுப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் உளியை எடுக்கமாட்டார். "பட்டை நனைஞ்சிருந்தா பால் மங்குல விழாதுய்யா, மரமெல்லாம் ஓடிடும்" என்பார். அன்றைய கூலி போய்விடும். வீட்டில் அரிசி இருக்காது. அப்படியும் காத்திருப்பார்.

"எறங்குவோம்" என்றேன். அந்தத் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கீழே, காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. இலையும் சுள்ளியும் அடித்து வந்தன. இதுதான் 'கெப்பாலா ஆயேர்' வருவதற்கான அறிகுறி. மலை மேல் பெய்த மழை ஒன்றுதிரண்டு திடீரென இறங்கும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் வெள்ளம் வரலாம். கரையை விட்டு மேட்டுக்கு ஏறினோம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இடுப்பளவுக்கு வந்துவிட்டது.

இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். நனைந்த துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஒரு தங்கைக்கு நடுக்கம் வந்தது. கோபித்துக்கொண்ட அதே தம்பிதான் பிளாஸ்டிக் பையில் வைத்திருந்த தன் காய்ந்த சட்டையை எடுத்துக் கொடுத்தான். முருகன் பாட்டுப் பாடினோம். தண்ணீர் வடிந்த பிறகு எல்லாரும் பத்திரமாகக் கடந்தோம்.

நாம் கற்க வேண்டியது

திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே வான்சிறப்பு. நம் முன்னோர் மழையைப் பகையாகப் பார்க்கவில்லை. மழை தன் வேலையைச் செய்தது. என் வேலையில்தான் குறை. கீதை சொல்லும் கர்மயோகமும் இங்கே பொருந்துகிறது. என் கடமை பதினான்கு பேரையும் வீட்டில் சேர்ப்பது. உச்சியும் படமும் வெறும் பலன். பலன் மீது வைத்த ஆசைதான் என்னைப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தது.

அடுத்த முகாமுக்கு முன்

• வானிலை அறிவிப்பைப் பார்த்து, விடிந்ததும் புறப்படுங்கள்.
• திரும்ப வேண்டிய நேரத்தை முன்பே முடிவுசெய்து எல்லாரிடமும் சொல்லுங்கள்.
• ஓடைக்கரையில் கூடாரம் போடாதீர்கள்.
• இடி கேட்டால் உச்சியிலும் தனி மரத்தடியிலும் நிற்காதீர்கள்.
• கலங்கிய ஓடையைக் கடக்காதீர்கள். ஆபத்தென்றால் 999.

கிளைக் கூட்டத்தில் பேச

1. பொறுப்பாளர் தயங்கும்போது உறுப்பினர் என்ன செய்யலாம்?
2. காத்திருப்பதும் கடமையாகும் என்பதற்கு உங்கள் வீட்டுப் பெரியவர் வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவம் கேட்டு வாருங்கள்.

அங்சி மலை அங்கேயேதான் இருக்கிறது. மறுபடியும் போவோம், ஏழு மணிக்கே.