உறக்க மருந்துகளும் சிராவக ஒழுக்கமும்

இரவில் உறக்கம் வாராது தவிக்கும் நம் முதியோருக்கு, இயற்கையானது, தீங்கற்றது என்று கூறிப் பலவகைச் சூரணங்களும் மாத்திரைகளும் இன்று விற்கப்படுகின்றன. டப்பியின்மேல் பச்சைப் புள்ளியைக் கண்டதும் நாம் அமைதியடைந்து விடுகிறோம். அப்புள்ளி புலாலின்மையைக் காட்டுமேயன்றி, கிழங்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தேனுக்கும் சட்டப்படி பச்சைப் புள்ளியே! புலாலும் மதுவும் போலத் தேனையும் விலக்கிய நாம், சிற்றெழுத்தில் அச்சிட்டுள்ள பொருள் விவரத்தைப் படித்தே ஆகவேண்டும்.

இவற்றுள் பெரிதும் பேசப்படுவது அமுக்கரா. அதன் தாவரவியற் பெயரிலுள்ள 'சோம்னிஃபெரா' என்னும் இலத்தீன் சொல்லுக்கு உறக்கம் தருவது என்பதே பொருள். ஆய்வுகளிலும் ஓரளவு பயன் காணப்பட்டுள்ளது. ஆயின் மருந்தாவது அதன் வேர். வேரை எடுக்கச் செடியையே அகழ வேண்டும். சடாமாஞ்சிலும் அத்தகையதே, இமயச் சரிவுகளில் அளவின்றி அகழப்பட்டு அழியும் நிலையை எய்தியுள்ளது. சுக்கையும் மஞ்சளையும் கொள்வதுபோல் உலர்ந்த அமுக்கராவையும் கொள்ளலாம் என்பார் உளர். இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திரர் விலக்கியது பச்சை இஞ்சியையே என்பது அவர்க்குத் துணையாகும். எனினும், சுக்கு ஒரு சிறு துண்டு. சூரணமோ நாள்தோறும் உண்பது. நோய்க்கு மருந்தாகச் சிலநாள் கொள்வதை நாம் குறை கூறோம். பழக்கமாக்குவதை ஏற்க இயலவில்லை. தைராய்டு, கல்லீரல் நோயுடையோர் மருத்துவரைக் கேளாது இதனைத் தொடவே வேண்டா.

மெலடோனினை 1958-இல் ஏரன் லெர்னர் பிரித்தெடுத்தது மாடுகளின் பினியல் சுரப்பியிலிருந்து. இன்று கிடைப்பது பெரும்பாலும் இரசாயன முறையில் ஆக்கப்பெறுவது. ஆகவே இங்கு ஐயத்துக்குரியது மருந்தன்று, அதனை அடைத்துள்ள கூடு. ஜெலட்டின் கூடு விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்தது. தாவரச் செல்லுலோஸால் ஆன கூடு உண்டா எனக் கேட்டு வாங்குக.

சாதிக்காய் பழுத்து வெடித்த கனியின் விதை, நமக்குத் தடையில்லை. வலுவான ஆய்வுச் சான்று இதற்கில்லை, பாட்டியர் கைமுறைதான். பாலில் ஒரு சிட்டிகை போதும்; மிகுந்தால் மயக்கமும் படபடப்பும் உண்டாகும். படுக்கும் வேளையில் பால் என்பது இரவுண்ணாமை நோற்பார்க்குப் பொருந்தாது. கதிரவன் மறையுமுன் அருந்துக.

மறையுமுன் என்றதும், விரதம் காக்க மாலை ஐந்தரைக்கு விரைந்து அருந்தும் காப்பி நினைவுக்கு வருகிறது! அதிலுள்ள காஃபீனில் பாதி கழியவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். பத்தரை மணிக்கும் மறுபாதி உடலில் நிற்கச் சூரணம் என்ன செய்யும்? கடைக்குச் செல்லுமுன், அந்த மாலைக் காப்பியைப் பதினைந்து நாள் நிறுத்திப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.