குறைந்த நிதியில் கேமிங் மடிக்கணினி: மாற்ற இயலாததை முதலில் வாங்குக

பெங்களூருவின் வடமேற்கே, தும்கூர் சாலையை ஒட்டி அமைந்துள்ளது பீன்யா தொழிற்பேட்டை. தெற்காசியாவின் பெரிய சிறுதொழிற்பேட்டைகளுள் ஒன்றாக எண்ணப்படும் இப்பகுதியில் லேத்துப் பட்டறைகளும், சி.என்.சி. எந்திரக் கூடங்களும், டை, மோல்டு செய்யும் கருவியறைகளும் தெருத்தோறும் உள்ளன. தமிழகத்திலிருந்து வந்து இங்கு வேலைக்கு அமர்ந்து, பின்னர் சொந்தமாகப் பட்டறை வைத்தோரும் உண்டு. அவர்தம் பிள்ளைகள் கருவி வடிவமைப்புப் பயில்வதற்கான வாய்ப்புகளும் அருகிலேயே அமைந்துள்ளன. கேரளத்தின் நெட்டூரில் தோன்றிய என்.டி.டி.எஃப். பயிற்சி நிறுவனம் பீன்யாவில் இயங்குகிறது. டென்மார்க் அரசின் உதவியுடன் 1972ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரசுக் கருவியறை மற்றும் பயிற்சி மையம் ராஜாஜிநகரில் உள்ளது.

இத்தகைய சூழலில் வாழும் குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தந்தை ஜாப் வொர்க் செய்யும் சிறு பட்டறையின் உரிமையாளர். மகள் கருவி வடிவமைப்பில் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டு மாணவி. அவள் கேட்பது ஒரு கேமிங் மடிக்கணினி. அப்பெயரைக் கேட்டதும் தந்தை முகம் சுளிக்கிறார். எந்திரக் கடனின் தவணை இன்னும் முடியவில்லை. இந்நிலையில் விளையாட்டுக்கு எழுபதாயிரம் ரூபாயா என்பது அவர் வினா. வினா நியாயமானதே. மகளின் விடையும் நியாயமானது: “முப்பரிமாண வடிவங்களைத் திரையில் திருப்பிப் பார்க்கத் தனி வரைகலைச் செயலி வேண்டும் அப்பா. அது உள்ள கணினிகளில் விலை குறைந்தவை கேமிங் வகைதான். ஞாயிற்றுக்கிழமை நான் விளையாடவும் செய்வேன், அதை மறைக்கவில்லை.”

இவ்விருவரும் ஒரே மேசையில் அமர்ந்து முடிவெடுக்க உதவுவதே இப்பாடத்தின் நோக்கம்.

வேலையை முதலில் எழுதுக

கணினியின் பெயரைத் தேடும் முன்னர், அது செய்ய வேண்டிய வேலையை ஒரு தாளில் எழுதுதல் வேண்டும். ஆட்டோகேடில் இருபரிமாண வரைபடம் மட்டும் போதுமெனில், தனி வரைகலைச் செயலி தேவையில்லை. சாதாரண மடிக்கணினியே போதும். சாலிட்வொர்க்ஸ், சீமென்ஸ் என்.எக்ஸ். போன்றவற்றில் பல உறுப்புகளை இணைத்து முப்பரிமாணத்தில் கையாள்வதெனில் தனிச் செயலி பயன்தரும். அங்கும் வடிவத்தைக் கட்டமைக்கும் கணக்கீட்டின் பெரும்பகுதியை மையச் செயலியின் ஒற்றைக் கருவின் வேகமே தீர்மானிக்கிறது. எனவே வரைகலைச் செயலி ஒன்றுக்கே பணம் முழுவதையும் இறைத்தல் தவறு.

மற்றொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். இத்தகைய மென்பொருள் நிறுவனங்கள் சான்றளிக்கும் பட்டியல்களில் பெரும்பாலும் தொழில்முறை வரைகலை அட்டைகளே இடம்பெறுகின்றன. கேமிங் மடிக்கணினியில் பயிலலாம்; ஒருசில காட்சி வசதிகள் கிடைக்காமற் போகலாம். மாணவருக்கு இக்குறை பொறுத்துக்கொள்ளத் தக்கது.

பட்டறை கற்பிக்கும் விதி

தந்தைக்கு நன்கு தெரிந்த விதி ஒன்று இங்குப் பொருந்துகிறது. ஒரு சி.என்.சி. எந்திரம் வாங்குவோர், பெட், ஸ்பிண்டில் ஆகியவற்றின் தரத்தை முதலில் பார்க்கின்றனர். அவை எந்திரத்தின் ஆயுள் முழுதும் உடன் வருவன. டூல், ஃபிக்ஸ்சர் முதலியவற்றை வேலை வரவரச் சேர்த்துக்கொள்கின்றனர். மடிக்கணினிக்கும் இதே விதி: பின்னர் மாற்ற இயலாத உறுப்புக்கு இன்று பணம் தருக, மாற்ற இயன்றதை நாளைக்கு விடுக.

மாற்ற இயலாதவை: வரைகலைச் செயலி, மையச் செயலி, வெப்பம் வெளியேற்றும் விசிறி அமைப்பு, திரை, கீல், உடற்கூடு. பெரும்பாலான மடிக்கணினிகளில் இவ்விரு செயலிகளும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டவை.

மாற்ற இயன்றவை: நினைவகம் எனப்படும் ரேம், சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. பல கேமிங் மடிக்கணினிகளில் இவற்றுக்குக் கூடுதல் இடம் உண்டு. எனினும் சிலவற்றில் ரேமும் பற்றவைக்கப்பட்டிருக்கும். “ரேம் இடங்கள் எத்தனை? அவற்றுள் காலி எத்தனை?” எனக் கடையில் கேட்டறிக.

8 ஜி.பி. ரேம் ஒற்றைத் துண்டாக இருந்து, மற்றோர் இடம் காலியாக இருப்பின், பின்னர் இன்னொரு 8 ஜி.பி. சேர்க்கலாம். அவ்வாறு சேர்க்கும்போது கொள்ளளவு கூடுவதோடு, இரட்டைத் தடத்தில் இயங்குவதால் வேகமும் உயரும். ரேமின் விலை ஏறி இறங்கும் தன்மையது. ஆதலால் வாங்கும் நாளில், 16 ஜி.பி.யுடன் வரும் கணினிக்கும் 8 ஜி.பி. கணினிக்கும் உள்ள விலை வேறுபாட்டைத் தனி ரேமின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

ஒரே பெயர், வேறு வாட்

குறைந்த நிதியில் வாங்குவோர் பெரிதும் ஏமாறும் இடம் இது. பட்டறையில் எவரும் குதிரைத்திறன் கேளாமல் மோட்டார் வாங்குவதில்லை. ஆனால் வரைகலைச் செயலியைப் பெயரை மட்டும் கேட்டு வாங்குகின்றனர். மடிக்கணினிக்கான ஆர்.டி.எக்ஸ். 4050 செயலியை, 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் கணினித் தயாரிப்பாளர் அமைக்கலாம். ஆர்.டி.எக்ஸ். 3050 செயலிக்கு அவ்வரம்பு 35 முதல் 80 வாட் வரை. மெல்லிய உடற்கூட்டில் குறைந்த வாட்டில் அடைக்கப்பட்ட உயர்ந்த செயலி, தடித்த உடற்கூட்டில் முழு வாட்டில் இயங்கும் தாழ்ந்த செயலியைவிட மிகுதியாக ஒன்றும் சாதிக்காமற் போகக்கூடும்.

செயலியின் சொந்த நினைவகத்தையும் பார்க்க வேண்டும். 3050 என்ற ஒரே பெயரில் 4 ஜி.பி. வகையும் 6 ஜி.பி. வகையும் விற்கப்பட்டுள்ளன. இந்நினைவகத்தைப் பின்னர் கூட்ட இயலாது. ஆகவே நம் விதிப்படி இதற்கு இன்று பணம் தருதல் தகும். வாட் அளவு கடைத் தாளில் இல்லையெனில், தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் அக்குறிப்பிட்ட மாதிரி எண்ணைக் கொண்டு காண்க.

அதிக வாட் எனில் அதிக வெப்பமும் அதிக எடையும் உண்டு. இக்கணினிகள் பொதுவாக இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ளவை, மின்னேற்றியும் கனமானது. முழுத் திறன் மின் இணைப்பில் இருக்கும்போது மட்டுமே கிடைக்கும். தினமும் மெட்ரோவில் சுமந்து செல்லும் மாணவி இதையும் எண்ணிப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

தவணை விலையை மறைக்கும்

இனி நிதிப் பகுதிக்கு வருவோம். கணினியின் விலை 70,000 ரூபாய் எனவும், குடும்பத்தின் கையிருப்பு 10,000 ரூபாய் எனவும், மாதந்தோறும் மிஞ்சுவது 4,000 ரூபாய் எனவும் கொள்க. கடன் வட்டி ஆண்டுக்கு 16 சதவீதம், குறையும் இருப்பு முறை. இவை கணக்கிற்காக எடுத்துக்கொண்ட எண்கள். தங்கள் எண்களை இட்டுப் பார்க்கவும்.

முதல் வழி: 60,000 ரூபாய் கடன், 12 மாதம். தவணை ஏறத்தாழ 5,444 ரூபாய். இது மாத மிச்சத்தைத் தாண்டுகிறது.

இரண்டாம் வழி: அதே கடன், 24 மாதம். தவணை 2,938 ரூபாய். கைக்கு எட்டுகிறது, ஆனால் மொத்த வட்டி 10,507 ரூபாய்.

மூன்றாம் வழி: ஐந்து மாதம் காத்திருந்து, மாதம் 4,000 வீதம் 20,000 ரூபாய் சேர்த்தல். கையிருப்புடன் 30,000 ஆகும். எஞ்சிய 40,000 ரூபாய்க்கு 12 மாதக் கடன். தவணை 3,629 ரூபாய். மொத்த வட்டி 3,551 ரூபாய்.

இரண்டாம் வழியையும் மூன்றாம் வழியையும் ஒப்பிடுக. வட்டியில் மிச்சம் 6,956 ரூபாய். காத்திருந்த மாதங்களையும் சேர்த்து 17 மாதங்களில் கடன் தீர்கிறது. மற்றதில் 24 மாதம். மிஞ்சும் தொகையில் பின்னாளில் ரேமோ எஸ்.எஸ்.டி.யோ சேர்க்கலாம்.

“ஃபிளாட்” வட்டி என்ற சொல்லில் கவனம் தேவை. 60,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 10 சதவீத ஃபிளாட் வட்டியில் இரண்டாண்டுக்கு 12,000 ரூபாய் வட்டியாகிறது. இது மேற்கண்ட 16 சதவீதக் குறையும் இருப்பு வட்டியைவிட மிகுதி. அசல் குறையக் குறைய வட்டி குறையாததே காரணம்.

“வட்டியில்லாத் தவணை” என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சுழிய வட்டி என்ற கருத்தே இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. கடன் அட்டை வழியான இத்திட்டங்களில் வட்டிக்கு ஈடான தொகையை விற்பவர் தள்ளுபடியாகத் தருகிறார். ஆயினும் அவ்வட்டியின்மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், செயலாக்கக் கட்டணமும் வாங்குபவர் தலையில் விழலாம். “முழுத் தொகையை இன்றே செலுத்தினால் விலை என்ன?” எனக் கேட்டு, இரு விலைகளையும் ஒப்பிடுக.

கடனுக்கு உரிய வாசல்கள்

கல்விக் கடன் பெறுவோர் தம் கிளையில் ஒன்றைக் கேட்டறியலாம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவையெனில் நியாயமான விலையில் கணினி வாங்கும் செலவும் இடம்பெறுகிறது. நிலையான வைப்புத்தொகை வைத்திருப்போர், அதன்மீது கடன் பெறலாம். இதன் வட்டி பொதுவாக வைப்பு வட்டியைவிட ஓரிரு சதவீதப் புள்ளிகளே கூடுதல் என்பதால் தனிநபர் கடனைவிடச் செலவு குறையும்.

எக்கடனாயினும், கையெழுத்திடும் முன்னர் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குக. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு இவ்வறிக்கை தரப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டுச் சதவீத விகிதம் அதில் இருக்கும். இரு கடன்களை ஒப்பிட அந்த ஓர் எண் உதவும்.

பட்டறையின் பெயரில் வாங்கி ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரிப் பயன் பெறலாமா என்ற எண்ணம் தந்தைக்கு எழலாம். தொழிலுக்காக வாங்கும் கணினிக்கு அது பொருந்தும். மகளின் படிப்புக்கும் விளையாட்டுக்கும் வாங்குவதில் அப்பயன் கோருதல் கூடாது.

வாங்கும் நாள்

பீன்யாவிலிருந்து பச்சைத் தடத்து மெட்ரோவில் சிக்பேட்டை நிலையத்தில் இறங்கினால், கணினிப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற எஸ்.பி. சாலை அருகில்தான். இணைய விலையை எழுதிக்கொண்டு கடைக்குச் செல்க. முத்திரை பிரிக்கப்படாத பெட்டி, வரிசை எண் எழுதப்பட்ட ரசீது, இந்தியாவில் செல்லுபடியாகும் உத்தரவாதம், மின்னேற்றியில் இந்தியத் தர நிறுவனத்தின் பதிவு எண் ஆகிய நான்கையும் சரிபார்க்க வேண்டும். ரேம் சேர்ப்பதற்காக மூடியைத் திறந்தால் உத்தரவாதம் பாதிக்கப்படுமா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுக.

நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தில், மகளின் செயல்திட்டப் பணி அடுத்த பருவத்தில்தான் தொடங்குகிறது. ஐந்து மாதம் காத்திருக்க அவள் இசைகிறாள். அதுவரை கல்லூரி ஆய்வகமே போதும். தந்தையும் ஒன்றுக்கு இசைகிறார்: வாட் அளவு பார்த்து வாங்கிய அக்கணினியில் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்குத் தடையில்லை.

பயிற்சி

1. தங்கள் வீட்டில் கணினி செய்ய வேண்டிய மூன்று வேலைகளை எழுதுக. அவற்றுள் தனி வரைகலைச் செயலி இன்றி இயலாதது எது?

2. தாங்கள் விரும்பும் மாதிரியின் வரைகலைச் செயலிக்கு எத்தனை வாட், எத்தனை ஜி.பி. என்பதைக் கண்டறிக.

3. கடந்த மூன்று மாதங்களில் செலவு போக மிஞ்சிய தொகைகளுள் மிகக் குறைந்ததை எடுத்துக்கொள்க. தங்கள் தவணை அத்தொகைக்குள் அடங்குகிறதா? அடங்கவில்லையெனில், எத்தனை மாதம் சேமித்த பின் அடங்கும் எனக் கணக்கிடுக.