கோழிக்குஞ்சைத் தூக்கும் பருந்து: கொல்லாமல் தடுப்பது எப்படி?

குமரி மாவட்டத்தில் தென்னை, வாழை உள்ள வீடுகளில் நாலைந்து நாட்டுக்கோழிகளாவது இருக்கும். பத்துக் குஞ்சு பொரித்த கோழி, ஒரு மாதத்திற்குள் மூன்று குஞ்சுகளுடன் திரிவதும் சாதாரணம். கேட்டால், "கழுகு தூக்கிவிட்டது" என்பார்கள்.

உண்மையில் பிணந்தின்னிக் கழுகுக்கு இதில் பங்கில்லை. இரையைப் பற்றித் தூக்கும் வலு அதன் கால்களுக்குக் கிடையாது. செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தம் செய்த பறவை அது. மாடுகளுக்கு வலி, வீக்கத்திற்குப் போட்ட டைக்ளோபினாக் ஊசிதான் அந்த இனத்தை ஏறக்குறைய அழித்தது என்பது 2004-ல் வெளிப்பட்டது. 2006-ல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. தமிழகத்தில் இன்று முதுமலை, சத்தியமங்கலம், மாயாறு பகுதிகளிலேயே இக்கழுகுகள் முக்கியமாக எஞ்சியுள்ளன. மாட்டிற்கு வலிமருந்து தேவைப்பட்டால், கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் போடும்படி கால்நடை மருத்துவரைக் கேட்கலாம்.

குஞ்சைத் தூக்குபவை கள்ளப்பருந்து, செம்பருந்து, வைரி ஆகியவை. கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே செம்பருந்துதான் முற்றத்திற்கும் வருகிறது! பருந்துகள் வெட்டவெளியில் மேலிருந்து பாய்கின்றன. வைரி சிறியது, மரத்தில் மறைந்திருந்து கிளைகளுக்கு ஊடே பாயும். ஆகவே இரண்டிற்கும் ஒரே தடுப்பு போதாது.

பருந்தை வீட்டுப்பக்கம் வரவழைப்பது பெரும்பாலும் வீட்டுக்காரரே. மீன் கழுவிய குடலையும் செதிலையும் முற்றத்தில் எறிந்தால், அது தினமும் அங்கே வட்டமிடும். வெள்ளைக்கழிச்சலில் செத்த கோழியைத் தோட்டத்தில் வீசுவதும் அப்படியே. அத்துடன் நோயும் பரவும். (பருந்தைவிட வெள்ளைக்கழிச்சலே அதிகக் குஞ்சுகளைக் கொண்டுபோகும். முதல் வாரத்திலேயே சொட்டு மருந்து போடத் தவறக்கூடாது.) மீன் கழிவைத் தென்னந்தடியில் இரண்டடி ஆழத்தில் புதைத்தால் மரத்திற்கும் உரமாகும். செத்த கோழியைக் கிணற்றுக்குத் தொலைவில் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்க வேண்டும்.

முதல் மாதம் குஞ்சுகளைத் தாயுடன் பஞ்சாரத்தில் வைத்து வளர்ப்பது நல்லது. அதன்பின் இரண்டு மாதம் ஆகும்வரை வலைப்பந்தல் தேவை. குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் கழிக்கப்பட்ட பழைய வலைகளைக் கேட்டு வாங்கலாம். சீமைக்கொன்றைக் கம்புகளை ஆளுயரத்திற்கு நட்டு, மேலே வலையைத் தொய்வின்றி இழுத்துக் கட்ட வேண்டும். தொய்ந்தால் பறவைகள் சிக்கும். வைரி நடமாடும் இடத்தில் நான்கு பக்கமும் வலை தரைவரை இறங்க வேண்டும். வலைக்கு வழியில்லாதவர்கள், மரச்சீனி வளர்ந்து மூடிய தோட்டத்தில் குஞ்சுகளை மேயவிடலாம். பருந்துக்கு அங்கே பாய இடமிராது. வைரிக்கு அந்த மறைவு தடையாகாது என்பதையும் மனதில் கொள்ள வேண்டும். மினுக்கு நாடா சில நாட்களுக்கு உதவும்; பிறகு பறவைகள் பழகிவிடும். கினிக்கோழி இரண்டு வளர்த்தால், பருந்தின் நிழல் கண்டதும் கத்தி ஊரைக் கூட்டும். அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு அது நல்ல காவல்.

செத்த குஞ்சில் குருணை மருந்து வைக்கும் வழக்கம் மிகவும் அபாயமானது. அதை நாய், கீரி, காகம் எதுவும் தின்னலாம்; பிள்ளைகள் கையிலும் படலாம். பருந்தைக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். கன்னிப்பூ, கும்பப்பூ வயல்களில் எலியையும், வரப்பைத் துளைக்கும் நண்டையும் பிடித்துத் தின்பவை இதே பருந்துகள் அல்லவா?

அடைவைக்கும் காலத்தையும் சற்று யோசித்துத் தேர்ந்தெடுக்கலாம். செம்பருந்து மார்கழி முதல் சித்திரை வரை கூடுகட்டிக் குஞ்சு வளர்க்கும். அப்போது அதற்கு இரை அதிகம் வேண்டியிருப்பதால் துணிந்து முற்றத்தில் இறங்கும். ஆவணியில் அடைவைத்தால் இருபத்தொரு நாளில் பொரித்து, மார்கழிக்குள் குஞ்சுகள் பருந்தின் பிடிக்கு அடங்காத அளவு வளர்ந்துவிடும். தை, மாசியில் பொரிப்பவற்றை வலைப்பந்தலுக்கு வெளியே விடாதிருப்பதே நல்லது.