அந்த வெள்ளை டியூப்

சென்னையின் பெருங்குடி பேரூராட்சியாக இருந்த காலத்திலிருந்து இங்கே மருந்துக்கடையில் நிற்கிறேன். அப்போது அரிப்பு என்று வருகிறவர்களில் கொத்தனாரும் சித்தாளும்தான் அதிகம். ஓ.எம்.ஆரில் ஐ.டி. கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த நேரம். சிமென்டில் இருக்கும் குரோமேட் ஒத்துக்கொள்ளாமல் விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கும். இப்போது அதே கட்டடங்களுக்குள் வேலை பழக வந்த பிள்ளைகளும், சட்டப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். கையில் ஒரு ரீல்ஸ், காதில் அம்மா.

போன மாதம் ஒரு பெண் மணிக்கட்டை நீட்டினாள். அம்மா ஸ்பீக்கரில். "மெஸ்ல கத்திரிக்காய் போட்டிருப்பாங்க சார். அந்த வெள்ளை டியூப்பையே குடுங்க, இவங்கப்பாவுக்கு ரெண்டே நாள்ல கேட்டுச்சு." மணிக்கட்டில் சிவப்பு சதுரமாக இருந்தது. வாட்ச் பட்டையின் கொக்கி எவ்வளவோ அவ்வளவு. "கத்திரிக்காய் சதுரமா அரிக்காதும்மா" என்றேன். அந்த அம்மா போனை வைத்துவிட்டார்.

எந்த மருந்து என்று கேட்பதற்கு முன் எந்த அரிப்பு என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பால்பாயின்ட் பேனா போதும். தடிப்பைச் சுற்றி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதி வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் கோட்டுக்குள் இருந்தது சுவடில்லாமல் மறைந்து, வேறு இடத்தில் புதிதாக எழும்பினால் அது காணாக்கடி. கடித்தது எது என்று கண்ணில் படாததால் வந்த பேர். அர்ட்டிகேரியா என்பதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். வைரஸ் காய்ச்சலுக்குப் பின், வலி மாத்திரைக்குப் பின், சில சமயம் ஒரு காரணமும் இல்லாமல் வரும். இதற்கு மேல்பூச்சு எதுவும் பெரிதாகக் கேட்காது, மாத்திரைதான். டாக்டர்கள் வழக்கமாக எழுதுவது செட்ரிசின் 10 மி.கி., நாளுக்கு ஒன்று. அதுவும் தூக்கம் தருகிறது என்றால் பெக்ஸோஃபெனடின். தூக்கம் தரும் அவில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் ஓ.எம்.ஆரில் ஏறாதீர்கள். ஆறு வாரம் தாண்டியும் வந்துகொண்டே இருந்தால் தோல் டாக்டரிடம் போக வேண்டும். கருவாடு, கத்திரிக்காய் என்று கரப்பான் பண்டங்களை வரிசையாக நிறுத்தி, பிள்ளையை ரசம் சாதத்தில் கொண்டு விடுவதில் பெரும்பாலும் பலனில்லை. நூற்றுக்கணக்கான பொருட்களுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்ற பேக்கேஜும் அப்படித்தான். சும்மா சாப்பிட்டுக்கொண்டிருந்த இட்லிக்கும் அது ஒவ்வாமை என்று சொல்லிவிடும்.

ஒன்றை மட்டும் பேனாவோடு உட்கார்ந்து ஆராயக் கூடாது. தடிப்போடு உதடு, நாக்கு வீங்கினால், குரல் கம்மினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றி வாந்தி வந்தால் உடனே 108. அங்கே வேலை செய்வது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. செட்ரிசின் அதற்கு ஈடில்லை.

கோட்டுக்குள்ளேயே நாள்கணக்கில் நின்று, பொருக்குத் தட்டி, நீர் கோத்தால் தொட்டது எது என்று தேடுங்கள். பட்ட உடனே வராது, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத்தான் வரும். அதனால்தான் பழி வேறெதன் மேலோ விழுகிறது. தொப்புளுக்குக் கீழே என்றால் ஜீன்ஸ் பட்டன், காது மடலில் என்றால் கவரிங் கம்மல், இரண்டிலும் நிக்கல். பாதத்தின் மேல் 'வி' போட்டிருந்தால் செருப்பு வார். நெற்றி நடுவில் என்றால் ஸ்டிக்கர் பொட்டின் பசை. அது சிலருக்கு அந்த வட்டத்தை வெளுக்கவே வைத்துவிடும். கல்யாண வீட்டில் போட்ட கறுப்புக் கோன் மருதாணி, போட்ட டிசைனிலேயே கொப்புளமானதைப் பார்த்திருக்கிறேன். நிறம் சீக்கிரம் ஏற, தலைச்சாயத்தில் இருக்கும் பி.பி.டி.யைக் கலக்கிறார்கள். "பத்து வருஷமா போடறேன், இப்ப மட்டும் எப்படி?" என்பார்கள். பத்து வருஷம் கழித்தும் உடம்பு மாற்றிக்கொள்ளும். பொருளைக் கழற்றுங்கள், குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் போடுங்கள், கேலமைன் தடவுங்கள், தோல் காய்ந்ததும் தேங்காய் எண்ணெய். கேலமைன் விஷயத்தில் நான் கொஞ்சம் பழைய ஆள். விலை குறைவு, கெடுதல் இல்லை.

வேர்க்குருவைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மழை விட்ட ராத்திரியில் சதுப்புநிலப் பக்கமிருந்து டியூப்லைட்டுக்கு வரும் கறுப்பும் ஆரஞ்சுமான குட்டி வண்டை மட்டும் கழுத்தில் வைத்து நசுக்காதீர்கள். மறுநாள் சூடு போட்டதுபோல் கோடு விழும். அது அலர்ஜியே இல்லை, அதன் உடம்புச் சாறு. உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

இனி அந்த வெள்ளை டியூப்.

அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் மூன்று நான்கு மருந்தின் பேர் இருக்கும். ஒன்று பூஞ்சைக்கு, ஒன்று கிருமிக்கு, ஒன்று ஸ்டீராய்டு. அந்த ஸ்டீராய்டு பல டியூப்களில் குளோபெட்டசால் 0.05 சதவீதம். மேல்பூச்சு ஸ்டீராய்டுகளை வீரியப்படி ஏழு படிகளாக அடுக்கினால் உச்சிப் படியில் இருப்பது இது. எந்த அரிப்பாக இருந்தாலும் இரண்டு நாளில் அடங்கும். அதுதான் வினை. அடங்குவது அரிப்பு, நோய் அங்கேயே இருக்கும். படர்தாமரையில் தடவினால் வட்டம் கலைந்து, சிவப்பு குறைந்து, பூஞ்சை உள்ளுக்குள் பரவும். நிறுத்தினால் இரட்டிப்பாக வரும். மறுபடி தடவுவார்கள். ஒரே துண்டில் துவட்டும் ரூம்மேட்டுக்கும் வரும், அவனும் அதே டியூப்பை வாங்குவான்.

முகத்தில் தடவுவது இன்னும் மோசம். நிறம் கொஞ்சம் வெளுக்கிறது என்று தெரிந்ததும் அலர்ஜிக்கு வாங்கியதை அழகுக்கு வைத்துக்கொள்கிறார்கள். சில மாதத்தில் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, பருவும் ரோமமும் முளைக்கும், வெயிலில் எரியும். ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்றே தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப்பேர் வைத்திருக்கிறார்கள். 2018-இல் மேல்பூச்சு ஸ்டீராய்டுகளை அரசு ஷெட்யூல் எச்-சில் சேர்த்தது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சட்டம் வந்த பிறகும் கவுன்டரில் நீளும் கை குறையவில்லை. அதற்கு முன்னால் நானும் விற்றவன்தான்.

விற்றது போதாதென்று தடவியும் கொண்டேன். ஒரு மே மாதம் தொடை இடுக்கில் அரிப்பு. பேன்ட் துணி ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவு செய்து, நானே எடுத்து, மூன்று மாதம் தடவினேன். வந்திருந்தது படர்தாமரை. அது போவதற்கு டாக்டர் கொடுத்த பூஞ்சை மருந்தோடு இன்னும் இரண்டு மாதம் ஆனது. உள்தொடையில் பிரசவித்த வயிற்றில் இருப்பதுபோல் ஊதாக் கோடுகள் விழுந்தன. இப்போது வெளுத்துவிட்டன, மறையவில்லை. யாருக்கும் காட்ட முடியாத இடம் என்பதால் எழுதிக் காட்டுகிறேன்.

ஸ்டீராய்டு விஷமில்லை. டாக்டர் சொன்ன வீரியத்தில், சொன்ன இடத்தில், சொன்ன நாளுக்கு என்றால் அது நல்ல மருந்து. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். குளோபெட்டசாலை இரண்டு வாரத்துக்கு மேல் போடக் கூடாது. மாதக்கணக்கில் தடவியவர்கள் தாங்களாகச் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்தான் என்று அதே காலேஜில் பணம் கட்டுகிற அவசரம்தான் இந்த டியூப்பிலும் இருக்கிறது. அப்பாவுக்குக் கேட்டது மகளுக்குக் கேட்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஆள் உடம்பு வாகு வேறு. மேல்தோல் ஒரு சுற்று புதிதாவதற்கு ஏறக்குறைய நான்கு வாரம் பிடிக்கும். செமஸ்டருக்கு ஆறு மாதம் காத்திருக்கிற பிள்ளைகள் தோலுக்கு ஒரு மாதம் கொடுக்கலாம். பெற்றவர்களும் ஸ்பீக்கரில் கொஞ்சம் பொறுக்கலாம்.

தொட்டது எது என்று பிடிபடாவிட்டால் பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. பெருங்குடியில் பறக்கும் ரயில் ஏறினால் பார்க் டவுன். பக்கத்திலேயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. அங்கே தோல் பிரிவில் காட்டினால் டெஸ்ட் தேவையா என்று அவர்களே சொல்வார்கள். நிக்கல், குரோமேட், ரப்பர், வாசனைப் பொருள் என்று சின்னச் சின்ன வில்லைகளாக முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். ஓரிரு நாள் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது. சித்திரை வெயிலில் வியர்வைக்கே எல்லாம் கழன்று வந்துவிடும், அதனால் மார்கழி, தை தோது.

மணிக்கட்டை நீட்டிய அந்தப் பெண், பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்து டெஸ்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். இப்போதைக்கு வாட்சைத் துணிப் பட்டையில் கட்டியிருக்கிறாள்.