கட்டிய படகைக் காப்பது: டயரா, தென்னைநார்த் திண்டா, மிதவைத் துறையா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவில், வத்திராயிருப்புக்கு மேற்கே, பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு காட்டாறுகளை மறித்து நிற்கும் பிளவக்கல் அணைகளின் கரையில் நின்றுகொண்டு, இந்த நீரில் ஒரு படகை நிரந்தரமாகக் கட்டி வைப்பதாயின் கரைக்கல்லிலும் துறைச்சுவரிலும் அது உராய்ந்து வீணாகாமல் எவ்விதம் காப்பது என்று யோசிக்கத் தொடங்கினால், இடையில் தொங்கவிடும் எந்தத் திண்டு மலிவு, எது உறுதி என்ற கேள்விகளுக்கு முன்னால், இந்த நீர் எப்போது ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்ற கேள்வியே முதலில் வந்து நிற்கும். பெரியாறு அணையின் உயரம் 47 அடிக்குச் சற்று மேல். கோவிலாறு அணையின் உயரம் 42 அடிக்குச் சற்று மேல். (மலைக்கு அப்பால் தேக்கடி ஏரியை உண்டாக்கிய முல்லைப் பெரியாறு வேறு; பெயர் ஒற்றுமையால் வெளியூர் அன்பர்கள் மயங்குவதுண்டு.) ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும் இந்த நீர், வயல்களுக்குத் திறந்துவிடத் திறந்துவிடச் சிறுகச் சிறுகத் தாழும். நீர் குறைந்திருக்கும் ஆனி, ஆடி மாதங்களில் மலைக் கணவாய்களின் வழியே மேல்காற்று உரத்து வீசும்போது, கார்த்திகையில் துறையாக இருந்த இடம் வெறும் கல்சரிவாக நிற்கும். படகைக் கட்டுகிறவன் இந்த இரண்டு பருவங்களையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொண்டே கட்ட வேண்டும்.

சேதம் உண்டாகும் விதத்தையும் அறிவது அவசியம். புயலில் ஒரே மோதலில் உடையும் படகுகளைவிட, காற்றில்லாத நாட்களிலும் சிற்றலையில் அசைந்து அசைந்து, ஒரே இடத்தில் ஓயாமல் உரசித் தேய்ந்துபோகும் படகுகளே அதிகம். பைபர் படகின் மேற்பூச்சு மிக மெல்லியது. அது தேய்ந்து கண்ணாடி நார் வெளியே தெரிந்துவிட்டால், நீர் உள்ளே இறங்கி அடுக்குகளைப் பிரிக்கத் தொடங்கும். மரப்படகில் சேதம் கண்ணுக்குத் தெரியும். பைபரில் அது பூச்சுக்கு உள்ளே நடப்பதால், தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

நீரின் இயல்பு மாறினால் பரிகாரமும் மாறுகிறது. 1863-இல் உண்டாக்கப்பட்ட கொடைக்கானல் ஏரியில் நீர்மட்டம் ஏறக்குறைய ஸ்திரமாக இருப்பதால், சுவரில் ஒருமுறை அளந்து அடித்த ரப்பர் பட்டை ஆண்டு முழுவதும் படகின் அதே இடத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். தூத்துக்குடியில் கடல் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அங்கே செங்குத்தாகத் தொங்கும் திண்டு போதும். நீர்த்தேக்கத்திலோ ஏற்ற இறக்கம் பல அடிகள். அதுவும் தினந்தோறும் ஏறி இறங்காமல், மாதக்கணக்கில் மெதுவாக நிகழ்வது. மெதுவாக நிகழ்வதாலேயே மறதிக்கு இடம் தருகிறது என்பதுதான் அதன் அபாயம்.

இனிப் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நம் மீன்பிடித் துறைமுகங்களில் எங்கு பார்த்தாலும் தொங்குவது பழைய லாரி டயர். காசிமேட்டிலும் தூத்துக்குடியிலும் விசைப்படகுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்கும்போது, படகுக்கும் படகுக்கும் இடையில் அந்த டயர்களே மத்தியஸ்தம் செய்கின்றன. விலை சொற்பம், ஆயுள் நீண்டது, எத்தனை கனமான மோதலையும் தாங்கும். பத்து டன் மரப்படகுக்கு அதைவிடச் சிலாக்கியமான பொருளை நான் அறியேன். ஆனால் சிறிய பைபர் படகுக்கு அதே டயர் பகையாகிவிடும். ரப்பரில் கலந்துள்ள கரி படகின் வெள்ளைப் பூச்சில் கருங்கோடுகளாக ஏறும். தேய்ந்த டயரிலிருந்து வெளியே நீட்டும் எஃகுக் கம்பி, நாம் தடுக்க நினைத்த கீறலைத் தானே இழுத்துவிடும். இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. டயருக்குள் தேங்கும் மழைநீரில் டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிடுகிறது. ஆகவே டயரைத் தொங்கவிடுகிறவர் அதன் அடிப்பக்கத்தில் இரண்டு மூன்று துளைகளேனும் இட்டு நீர் வடியச் செய்வது, படகுக்கு அல்லாவிடினும் கரையோரத்துக் குழந்தைகளுக்குச் செய்ய வேண்டிய கடமையாகும். கம்பி வெளியே நீட்டாத சைக்கிள் டயரையோ, ஸ்கூட்டர் டயரையோ, மேலே கெட்டித் துணியைச் சுற்றிப் பயன்படுத்தினால் சிறு படகுக்கும் ஓரளவு பொருந்தும்.

தென்னைநார்த் திண்டு நம் நாட்டுக்கு ஏற்ற உபாயம். வத்திராயிருப்பைச் சுற்றிலும் தென்னந்தோப்புகள் நிறைந்திருக்க, நார்க்கயிற்றுக்குப் பஞ்சமில்லை. பழங்கயிறுகளை நடுவில் உருளையாகத் திரட்டி, மேலே புதுக் கயிற்றை நெருக்கிப் பின்னி, இரண்டு முனையிலும் வளையம் விட்டுத் தொங்கவிட்டால் நல்ல திண்டு கிடைக்கும். நனைந்தும் காய்ந்தும் கிடந்தாலும் தென்னைநார் எளிதில் மக்குவதில்லை. ஆயினும் நார் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மலையோடை கொண்டுவரும் பருமணல் அதில் ஏறிவிட்டால், திண்டே உப்புத்தாளாக மாறிப் படகைத் தேய்க்கும். வாரம் ஒருமுறை உதறி அலசுவதற்குப் பொறுமையுள்ளவருக்கே இது உசிதம். உறை போடுவதானால் பருத்தித் துணி நல்லது. நூற்பாலைகளும், பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளும் நிறைந்த ராஜபாளையத்துப் பிரதேசத்தில் அதற்காக அலைய வேண்டியதில்லை.

காற்றடைத்த திண்டுகள் பார்வைக்கு அழகு, பைபர் படகுக்கு மிகவும் அனுகூலம். படகின் நீளத்தில் நாலு அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் திண்டின் விட்டத்தை வைத்துக்கொள்ளலாம். 20 அடிப் படகுக்கு 5 அங்குலம், ஒரு பக்கத்துக்குக் குறைந்தது மூன்று. சமமான சுவரானால் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். தூணானால் செங்குத்துத் திண்டு வழுக்கி ஒதுங்கிவிடும் ஆதலால், படுக்கை வசமாகக் கட்டுவதோ, இரண்டு திண்டுகளுக்கு வெளியே ஒரு பலகையைக் கட்டித் தூண் பலகையில் உரசும்படி செய்வதோ ஏற்றது. ஒழுங்கற்ற கல்சரிவுக்கு இவை ஒத்துவரா. ஒரு கூரான கல் போதும், திண்டு கிழிந்துவிடும். படகின் விளிம்போரம் ஓட்டப்படும் மரச்சட்டம், தேய்ந்தால் கழற்றிவிட்டு வேறு அடிக்கத் தக்கதாகையால், எந்தத் திண்டோடும் சேர்த்து வைத்துக்கொள்ளத் தக்க நல்ல ஏற்பாடு.

திண்டைப் பற்றி இவ்வளவு சொன்னபோதிலும், படகைக் காப்பதில் பிரதான ஸ்தானம் கயிற்றுக்கே என்பது என் திடமான அபிப்பிராயம். முன்னணியத்தில் ஒன்று, பின்னணியத்தில் ஒன்று என்று இரண்டே கயிற்றில் கட்டிய படகு முன்னும் பின்னும் ஓடிக்கொண்டேயிருக்கும். அந்த ஓட்டத்தில் திண்டுகள் உருண்டு விலகிவிடும். பிறகு எத்தனை திண்டிருந்தும் பிரயோஜனமில்லை. முன்பக்கத்திலிருந்து பின்னோக்கியும், பின்பக்கத்திலிருந்து முன்னோக்கியும் கரைக்கு இழுத்துக் கட்டும் இரண்டு குறுக்குக் கயிறுகள் அந்த ஓட்டத்தை நிறுத்திவிடும். நைலான் கயிறு இழுபட்டு மீளுமாதலால் காற்றின் வெட்டு வேகத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். விலை குறைந்த மிதக்கும் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் சீக்கிரம் நைந்துவிடும். கயிறு படகின் விளிம்பில் உரசும் இடத்தில் பழைய ரப்பர் குழாய்த் துண்டைக் கோத்துவிடுவது காசில்லாத காப்பு. நீர் இறங்க இறங்கக் கயிற்றைத் தளர்த்தாவிடில் படகு ஒருபுறம் சாய்ந்து தொங்கும். இதற்கு எந்தத் திண்டும் விடை சொல்லாது.

ஆகவே, கரையைத் தொடாமலே படகை நிறுத்துவது சாத்தியமா என்று பார்ப்பது நியாயம். ஒகேனக்கல் பரிசல்காரர்கள் இதைச் சுலபமாகத் தீர்த்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் பரிசலைத் தூக்கிக் கரையில் கவிழ்த்துவிடுகிறார்கள். இரண்டு ஆட்கள் தூக்கக்கூடிய எந்தப் படகுக்கும் அதுவே மிகச் சிறந்த வழி. ராமேசுவரத்தில் விசைப்படகுகளைக் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிறுத்தி, சிறு வள்ளத்தில் போய் ஏறுகிறார்கள்; உராய்வில்லை, ஆனால் சூறைக்காற்றில் நங்கூரம் இழுபட்டுப் படகுகள் ஒன்றோடொன்று மோதும் அபாயம் அங்கே தொடர்ந்து இருந்துவருகிறது. நங்கூரக் கயிறு நீரின் ஆழத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் இருப்பது நல்லது. நீர்த்தேக்கத்திலோ ஆழம் குறையக் குறைய அதே கயிறு படகை அகலமாக அலையவிட்டு, புதிதாகத் தலைகாட்டும் பாறைகளின் மேல் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

மிதவைத் துறை இந்த இக்கட்டை ஏறக்குறைய முழுவதும் நீக்குகிறது. 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 200 கிலோ பாரத்தைத் தாங்கும். எட்டுப் பீப்பாய்களை மரச்சட்டத்தில் பூட்டி மேலே பலகை பாவி, தாங்கும் எடையில் பாதிக்கு மேல் ஏற்றாமல் வைத்துக்கொண்டால், நாலைந்து பேர் நிற்கத் தக்க துறை ஆயத்தமாகிவிடும். நீரோடு துறையும் படகும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் இடையில் சிறு திண்டுகளே போதும். கயிற்றையும் குட்டையாக இறுக்கிக் கட்டலாம். செலவு அதிகம் என்பது உண்மை. நீர் பின்வாங்கும்போது மிதவையையும் உள்ளே தள்ளிப்போக ஆள் வேண்டும் என்பதும் உண்மை.

பிளவக்கல்லைப் போன்ற இடத்துக்கு எதைத் தேர்வது என்று என்னைக் கேட்டால், தூக்கக்கூடிய படகானால் கரையேற்றுங்கள் என்பேன். தூக்க முடியாத படகானால், மிதவைத் துறையும் மூன்று காற்றுத் திண்டுகளும். அதற்கு வசதியில்லையாயின், துளையிட்டுத் துணி சுற்றிய சிறு டயர்களும் நாலு கயிறுகளும். அணைக்கரை கிழக்கே இருப்பதால், ஆடி மாதத்து மேல்காற்று அங்கே கட்டிய படகைக் கல்லோடு சேர்த்து அழுத்தும். காற்று மறைவான ஒதுக்கமே ஏற்றது. எங்கே கட்டுத்தறி அடிப்பதாயினும் நீர்வளத் துறையின் அனுமதியின்றி அடிக்கலாகாது. 2021 முதல் அக்கம்பக்கத்து மலைக்காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாகிவிட்டமையால், காட்டோரமானால் வனத்துறையையும் கேட்டுக்கொள்வது உத்தமம். கோடையில் நீர் மிகத் தாழ்ந்ததும் படகைத் தென்னங்கட்டைகளின் மேல் உருட்டிக் கரையேற்றி, ஈரம் முழுவதும் உலரவிட்டு, திண்டு பட்ட இடங்களைக் கையால் தடவிப் பார்த்து, கண்ணாடி நார் தெரிந்த இடத்தில் ரெசின் பூசிய பிறகே மறுபடியும் மழைநீரில் இறக்க வேண்டும்.