இலவசமாகக் கிடைத்தால் படிப்பார்களா?

கேள்வி: ஆய்வு நூல்களை இணையத்தில் இலவசமாகப் போட்டால் வாசகர்கள் கூடுவார்களா? - வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் ஊரில் வாழ்ந்த இசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1917இல் தஞ்சையில் அவர் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' என்ற இசை ஆய்வு நூல் தலையணை கனம். பக்கம் பக்கமாகச் சுருதிக் கணக்கு. முன்பெல்லாம் பெரிய நூலகம் தேடிப் போய்த்தான் புரட்ட முடியும். இன்று டொராண்டோவில் பாட்டுப் பயிலும் பெண்ணும் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளலாம். ஆள் கூடத்தான் செய்யும். இறக்கியவரெல்லாம் படிப்பார்களா என்பது வேறு கதை!

ஒன்று மட்டும்: வெறும் படமாக ஸ்கேன் செய்த பக்கத்தில் ஒரு சொல்லைத் தேட முடியாது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் அவற்றைத் தட்டச்சு செய்து ஏற்றியது. அதனால்தான் தேடினால் அகப்படுகின்றன. இலவசமாகத் தந்தால் விற்பனை படுத்துவிடும் என்பார்கள். கிடங்கில் தூங்கும் ஆய்வு நூலுக்கு ஏது விற்பனை? பதிப்புச் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்கட்டும். அப்போது புதிய ஆய்வு நூல்களையும் தாராளமாகத் திறந்துவிடலாம்.